ஒரு தெரு, இரண்டு ஊர்: புரூக்லைன் எல்லைக்கோட்டின் கதை

போன வருஷம் வசந்த காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்கள் எங்களுக்கு வீடு பார்ப்பதிலேயே போயின. பாஸ்டனுக்கு மேற்கே செஸ்ட்நட் ஹில் என்று ஒரு பகுதி இருக்கிறது. பெயர் ஒன்று, அஞ்சல் குறியீடும் ஒன்று. ஆனால் நிலம் மூன்று ஊர்களுக்குச் சொந்தம்: கொஞ்சம் பாஸ்டன், கொஞ்சம் புரூக்லைன், கொஞ்சம் நியூட்டன். மூன்றும் மூன்று வெவ்வேறு கவுண்டிகளில் இருக்கின்றன. கடிதம் ஒரே தபால்காரர் கொண்டுவந்து போடலாம். வரி ரசீது வேறு வேறு அலுவலகத்திலிருந்து வரும்.

அங்கிருந்து தெற்கே, பாஸ்டனின் வெஸ்ட் ராக்ஸ்பரியும் புரூக்லைனும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் இரண்டு வீடுகள் எங்களுக்குப் பிடித்திருந்தன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தால் ஐந்து நிமிடம். பாஸ்டன் பக்கத்து வீடு பெரியது, சமையலறை புதுசு, பின்னால் தோட்டம். புரூக்லைன் பக்கத்து வீடு சின்னது, கூரை மாற்ற வேண்டும், அடித்தளத்தில் ஈர வாசனை. விலை மட்டும் சின்ன வீட்டுக்குத்தான் அதிகம், ஒன்றரை லட்சம் டாலர் கூடுதல். ஏன் என்று கேட்டதற்கு ஏஜென்ட் அம்மா என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார். "சார், அது பாஸ்டன். இது புரூக்லைன்" என்றார். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்பது அவர் எண்ணம்.

அன்று இரவு ஊரிலிருந்து அப்பா போனில் கேட்ட முதல் கேள்வி, "தண்ணி எப்படிப்பா?" இரண்டாவது, "பத்திரம் எல்லாம் கிளியரா?" இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டு விலை வித்தியாசத்தைச் சொன்னேன். "ஏம்ப்பா, நடுவுல ஒரு ரோடுதானே இருக்கு? அதுக்கா இவ்வளவு?" என்றார். நியாயமான கேள்வி. அந்த ரோட்டைப் பற்றித் தேடத் தொடங்கினேன். வீடு வாங்கி முடித்த பிறகும் தேடல் நிற்கவில்லை. அந்தக் குறிப்புகளைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

முதலில், இங்கே ஏன் வீட்டையும் பள்ளியையும் சேர்த்தே வாங்க வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி ஆசிரியருக்குச் சம்பளம் தருவது மாநில அரசு. நீங்கள் தாம்பரத்தில் இருந்தாலும் திருவொற்றியூரில் இருந்தாலும் உங்கள் வீட்டு வரிக்கும் அந்தச் சம்பளத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 351 ஊர்கள், நகரங்கள் இருக்கின்றன. எந்த ஊரிலும் சேராத நிலம் என்று ஒரு சதுர அடிகூடக் கிடையாது. பள்ளிகளைப் பெரும்பாலும் அந்தந்த ஊர்தான் நடத்துகிறது, சில இடங்களில் இரண்டு மூன்று ஊர்கள் சேர்ந்து நடத்துகின்றன. செலவில் பெரும் பங்கு உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வருகிறது, மீதியை மாநிலம் தருகிறது. அந்த ஊரில் குடியிருந்தால் உங்கள் பிள்ளைக்கு அந்த ஊர்ப் பள்ளி இலவசம். கோட்டுக்கு அந்தப் பக்கம் குடியிருந்தால், பள்ளி உங்கள் ஜன்னலிலிருந்து தெரிந்தாலும் அது உங்களுடையது அல்ல.

சரி, இந்தக் கோட்டைப் போட்டது யார்?

1630-இல் பாஸ்டன் உருவானபோது அது கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு சின்ன நிலத்துண்டு. மாடு மேய்க்க, பயிர் வைக்க இடம் போதவில்லை. மேற்கே சில மைல் தள்ளி இருந்த நிலத்தை பாஸ்டன்காரர்கள் பயன்படுத்தத் தொடங்கினார்கள். அதற்கு மடி ரிவர் என்று பெயர், சேற்றாறு என்று சொல்லலாம். அதுதான் பிற்காலத்துப் புரூக்லைன். தொடக்கத்தில் அது பாஸ்டனின் ஒரு பகுதி, நம் கணக்கில் சொன்னால் தாய் கிராமத்தை அடுத்த குக்கிராமம்.

1647-இல் இந்தக் குடியேற்றத்தின் சட்டசபை ஒரு கல்விச் சட்டம் போட்டது. 50 குடும்பம் இருக்கும் ஊர், பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தர ஓர் ஆசிரியரை வைக்க வேண்டும். 100 குடும்பம் இருந்தால் இலக்கணப் பள்ளி நடத்த வேண்டும். பைபிளைத் தானே படிக்கத் தெரியாதவனைச் சாத்தான் ஏமாற்றிவிடுவான் என்பது அவர்கள் சொன்ன காரணம். காரணம் எதுவாக இருந்தாலும், பள்ளி நடத்துவது ஊரின் பொறுப்பு என்ற ஏற்பாடு அன்றைக்கே வந்துவிட்டது. அமெரிக்கா என்ற நாடு உருவாவதற்கு 129 வருஷம் முன்பே.

இப்போது 1686. மடி ரிவர் மக்களுக்கு ஒரு குறை. வரி பாஸ்டனுக்குக் கட்டுகிறோம், வசதி எல்லாம் அங்கேயே இருக்கிறது. அந்த வருஷம் டிசம்பரில் ஓர் உத்தரவு வந்தது. மடி ரிவர்க்காரர்கள் இனி பாஸ்டனுக்கு ஊர் வரி கட்ட வேண்டாம். பதிலுக்கு, தங்கள் சாலைகளையும் ஏழைகளையும் தாங்களே கவனித்துக்கொள்ள வேண்டும். ஒரு வருஷத்துக்குள் ஒரு பள்ளிக்கூடம் கட்டி, எழுதப் படிக்கச் சொல்லித்தரும் ஆசிரியரையும் வைக்க வேண்டும்.

இதைப் படித்தபோது நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நானும் என் மனைவியும் எக்செல் தாளில் இரண்டு பத்தியாகப் போட்டு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அதே இரண்டு விஷயம்: வரி, பள்ளி. இந்தக் கோடு பிறந்ததே அந்தப் பேரத்தில்தான். 1705-இல் மடி ரிவர் முழுசாகப் பிரிந்து புரூக்லைன் என்ற தனி ஊரானது.

அந்தக் காலத்தில் எல்லை என்பது காலால் நடந்து காக்க வேண்டிய விஷயம். ஊர்ப் பொறுப்பாளர்கள் பக்கத்து ஊர்க்காரர்களோடு சேர்ந்து எல்லையைச் சுற்றி நடந்து, கற்கள் இடத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். கல்லில் அந்தந்த ஊரின் எழுத்தைப் பொறிப்பார்கள். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டும் என்ற பிரிவு மாசசூசெட்ஸ் சட்டப் புத்தகத்தில் இன்றும் இருக்கிறது. நம் ஊர் எல்லையில் அய்யனார் குதிரையோடு நிற்கிறார், இங்கே அந்த வேலையை ஊர்ப் பொறுப்பாளர்கள் பார்த்தார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கோடு அப்போது யாரையும் வெளியே நிறுத்துவதற்காக இல்லை. இந்தச் சாலைக் குழியை யார் மூடுவது, இந்த ஏழைக்கு யார் சோறு போடுவது என்று தீர்ப்பதற்காக.

ஊர்க் கோடுகள் நிலையானவை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் பாஸ்டன் சுற்றியுள்ள ஊர்களை ஒவ்வொன்றாக விழுங்கியது. 1868 ஜனவரியில் ராக்ஸ்பரி சேர்ந்தது. 1870 ஜனவரியில் டார்செஸ்டர். இவை சின்னக் கிராமங்கள் இல்லை. இரண்டுமே பாஸ்டன் தோன்றிய அதே 1630-இல் தோன்றியவை. ஆனாலும் அந்த ஊர் மக்களே வாக்களித்துத்தான் சேர்ந்தார்கள், யாரும் படையெடுத்து வரவில்லை.

ஏன் சேர்ந்தார்கள்? அப்பா கேட்ட கேள்விதான்: தண்ணி எப்படி? பாஸ்டன் 1848-லேயே கொசிசுவேட் ஏரியிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்துவிட்டது. கழிவுநீர்க் குழாய், தெரு விளக்கு, தீயணைப்பு என்று ஒரு பெரிய நகரம் செய்யக்கூடியதைச் சின்ன ஊர் தனியாகச் செய்ய முடியாது. ஜனத்தொகை ஏறிக்கொண்டே போகிறது, கிணறுகள் கெட்டுக்கொண்டிருக்கின்றன. பெரிய ஊரோடு சேர்ந்தால் செலவும் பகிரும், கடனும் பகிரும்.

1873 அக்டோபரில் அடுத்த சுற்று வாக்கெடுப்பு. சார்ல்ஸ்டவுன், பிரைட்டன், வெஸ்ட் ராக்ஸ்பரி, புரூக்லைன். முதல் மூன்றும் சேர்வதற்குச் சம்மதித்தன. 1874 ஜனவரியில் அவை பாஸ்டன் ஆயின. புரூக்லைன் மட்டும் மறுத்தது. சேரலாம் என்றவர்கள் 299 பேர், வேண்டாம் என்றவர்கள் 707 பேர். வாக்களித்தவர்கள் மொத்தமே ஆயிரத்துச் சொச்சம், எல்லாரும் ஆண்கள். பெண்களுக்கு அன்றைக்கு ஓட்டு கிடையாது.

ஏன் மறுத்தார்கள்? பாஸ்டனின் பெரும் வணிகர்கள் பலர் புரூக்லைனில்தான் மாளிகையும் தோட்டமுமாக இருந்தார்கள். சொத்து மதிப்பு அதிகம், ஆள் குறைவு, அதனால் வரி விகிதம் குறைவாக வைத்தாலே ஊர்ச் செலவுக்குப் போதும். முந்தின வருஷம் நவம்பரில்தான் பெருந்தீ பாஸ்டனின் வணிகப் பகுதியை அழித்திருந்தது. அந்த நகரத்தின் கடனையும் செலவையும் நாம் ஏன் சுமக்க வேண்டும்? குழாய் வேண்டுமானால் நம் காசிலேயே போட்டுக்கொள்ளலாம். டவுன் மீட்டிங்கில் நம் ஊர்க் காரியத்தை நாமே முடிவு செய்கிறோம், அங்கே போனால் நகர அரசியலில் கரைந்துபோவோம். இப்படி யோசித்தார்கள். அமெரிக்கப் புறநகர்களின் வரலாற்றை எழுதிய கென்னத் ஜாக்சன், தன் 1985 புத்தகமான 'கிராப்கிராஸ் ஃபிரான்டியர்'-இல் இந்த வாக்கெடுப்பை ஒரு திருப்பமாகச் சொல்கிறார். அதுவரை பெரிய நகரம் கேட்டால் புறநகர் சேரும். புரூக்லைனுக்குப் பிறகு, வசதியான புறநகர்கள் மறுக்கக் கற்றுக்கொண்டன. 1912-இல் சேர்ந்த ஹைட் பார்க்தான் பாஸ்டனுக்குக் கிடைத்த கடைசி ஊர்.

வரைபடத்தைப் பார்த்தால் இன்றும் அந்த 1873 தெரியும். மூன்று பக்கமும் பாஸ்டன் சூழ, நடுவில் ஆப்பு அடித்ததுபோல புரூக்லைன். தான் சேர்ந்திருக்கும் நார்ஃபோக் கவுண்டியின் மற்ற ஊர்கள் எதையும் அது தொடுவதுகூட இல்லை.

இதுவரை சொன்னது சாலை, தண்ணீர், வரிக் கணக்கு. அந்தக் கோட்டின் முழு விலை நூறு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. இரண்டு தீர்ப்புகளைச் சொன்னால் புரியும், மூன்றாவது ஒன்று பாஸ்டனிலேயே வந்தது.

முதல் தீர்ப்பு 1973 மார்ச். டெக்சாஸின் சான் ஆன்டோனியோ நகரத்தில் எட்ஜ்வுட் என்று ஓர் ஏழைப் பள்ளி மாவட்டம், பெரும்பாலும் மெக்சிக வம்சாவளியினர். அதே நகரப் பகுதியில் அலமோ ஹைட்ஸ் என்று ஒரு பணக்கார மாவட்டம். 1967-68 கணக்குப்படி எட்ஜ்வுட் மக்கள் 100 டாலர் சொத்துக்கு 1.05 டாலர் வரி கட்டினார்கள். கிடைத்தது மாணவருக்கு 26 டாலர். அலமோ ஹைட்ஸ் மக்கள் 85 சென்ட்தான் கட்டினார்கள். கிடைத்தது மாணவருக்கு 333 டாலர். ஏழை அதிக விகிதத்தில் வரி கட்டுகிறான், பன்னிரண்டில் ஒரு பங்கு வாங்குகிறான். எட்ஜ்வுட் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில், இது அரசியல் சாசனத்துக்கு விரோதமில்லை என்றது.

இரண்டாவது 1974 ஜூலை 25. டெட்ராய்ட் நகரப் பள்ளிகளில் கறுப்பின மாணவர்களை ஒதுக்கி வைத்ததற்குத் தீர்வாக, கீழ் நீதிமன்றம் சுற்றியிருந்த 53 புறநகர் மாவட்டங்களையும் சேர்த்து ஒரு திட்டம் வகுக்கச் சொல்லியிருந்தது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது, இங்கேயும் 5-க்கு 4. புறநகர் தானே தவறு செய்தது என்று நிரூபிக்காதவரை, பரிகாரம் மாவட்டக் கோட்டைத் தாண்டக் கூடாது. நீதிபதி தர்குட் மார்ஷல் கடுமையாக மறுத்து எழுதினார். எழுதி என்ன?

அந்த ஜூலைத் தீர்ப்புக்கு ஒரு மாதம் முன்னால், 1974 ஜூன் 21-இல் பாஸ்டனில் நீதிபதி ஆர்தர் கேரிட்டி தீர்ப்பு சொல்லியிருந்தார். பாஸ்டன் பள்ளி நிர்வாகம் தெரிந்தே இனவாரியாகப் பிள்ளைகளைப் பிரித்து வைத்திருக்கிறது, உடனே சரிசெய்ய வேண்டும். செப்டம்பரில் பஸ்கள் ஓடின. கறுப்பினத்தவர் வாழ்ந்த ராக்ஸ்பரிப் பிள்ளைகள் ஐரிஷ் தொழிலாளர் வாழ்ந்த சவுத் பாஸ்டனுக்கு, அங்கிருந்து இங்கே. பஸ்கள்மேல் கல் விழுந்தது. அடுத்த வருஷம் சார்ல்ஸ்டவுனும் திட்டத்துக்குள் வந்தது, போலீஸ் காவலோடு பள்ளி நடந்தது.

இப்போது அந்த 1873 வாக்கெடுப்பை நினைத்துப் பாருங்கள். சார்ல்ஸ்டவுன் சேர்ந்தது, அதனால் பஸ் வந்தது. அதற்கு முன்பே ராக்ஸ்பரி சேர்ந்தது, பஸ் வந்தது. புரூக்லைன் சேரவில்லை, கட்டாய பஸ் வரவில்லை. தண்ணீர்க் குழாயையும் வரி விகிதத்தையும் கணக்குப் பார்த்து 707 பேர் போட்ட ஓட்டு, தங்கள் கொள்ளுப்பேரன்கள் யாரோடு உட்கார்ந்து படிப்பார்கள் என்பதையும் தீர்மானித்துவிட்டது. அவர்கள் அதை நினைத்துப் போட்டிருக்க முடியாது. ஆனால் கோடு இருந்தது, பிற்காலத்துச் சட்டம் அதன்மேல் சுவரை எழுப்பிக்கொண்டது. ஏழை வெள்ளையரும் ஏழைக் கறுப்பினத்தவரும் கோட்டுக்கு உள்ளே ஒருவரோடு ஒருவர் மோதிக்கொண்டார்கள். வசதியானவர்கள் கோட்டுக்கு அப்பால் இருந்து செய்தியில் பார்த்தார்கள்.

புரூக்லைனுக்கு நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 1966-லேயே மெட்கோ என்ற திட்டம் தொடங்கியது. பாஸ்டன் கறுப்பினப் பிள்ளைகள் 220 பேரை ஏழு புறநகர்கள் தாமாக முன்வந்து தங்கள் பள்ளிகளில் சேர்த்துக்கொண்டன. அந்த ஏழில் புரூக்லைனும் ஒன்று. திட்டம் இன்றும் நடக்கிறது. சுவரில் ஒரு கதவு என்று வைத்துக்கொள்ளுங்கள். திறப்பதும் எத்தனை பேரை விடுவதும் உள்ளே இருப்பவர் விருப்பம்.

கதவு வழியாக வராமல் நுழைந்தால் என்ன ஆகும்? ஒஹாயோ மாநிலத்தில் ஆக்ரன் நகரத்து அம்மா ஒருவர், பக்கத்து மாவட்டத்தில் இருந்த தன் அப்பாவின் முகவரியைக் கொடுத்து இரண்டு மகள்களை அங்கே படிக்க வைத்தார். 2011-இல் குற்றவாளி என்று தீர்ப்பாகி ஒன்பது நாள் சிறையில் இருந்தார். பிறகு மாநில ஆளுநர் அந்தத் தண்டனையின் கடுமையைக் குறைத்தார். தாத்தா வீட்டு முகவரியில் பேத்தி படிப்பது குற்றமா என்று நம் ஊரில் கேட்டால் சிரிப்பார்கள்.

எங்கள் எக்செல் தாளுக்குத் திரும்புகிறேன். வீடு வாங்கப் போகிறவர்களுக்கு இந்தப் பகுதியாவது உபயோகமாக இருக்கட்டும்.

சொத்து வரி விகிதத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். இங்கே ஊர் முதலில் மொத்தம் எவ்வளவு வேண்டும் என்று தீர்மானிக்கிறது, பிறகுதான் அதை மொத்தச் சொத்து மதிப்பால் வகுக்கிறது. வீடுகள் விலை உயர்ந்த ஊரில் விகிதம் குறைவாகவே தெரியும், ரசீது மட்டும் கனமாக வரும். எடுத்துக்காட்டுக்கு, ஆயிரத்துக்கு 10 டாலர் விகிதத்தில் 10 லட்சம் டாலர் வீட்டுக்கு வருஷம் 10,000. ஆயிரத்துக்கு 11 விகிதத்தில் எட்டரை லட்சம் வீட்டுக்கு 9,350. அதோடு பாஸ்டன், புரூக்லைன் இரண்டிலும் சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கு வரிச் சலுகை உண்டு, விண்ணப்பித்தால்தான் கிடைக்கும். வாங்குபவர்கள் நிறையப் பேர் இதை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது, வரி இனி எவ்வளவு ஏறும் என்பது. 1980 நவம்பரில் மாசசூசெட்ஸ் மக்கள் ஓட்டுப் போட்டு ஒரு வரம்பு கொண்டுவந்தார்கள். ஊர் வசூலிக்கும் மொத்த வரி, புதுக் கட்டுமானத்தைத் தவிர, வருஷத்துக்கு இரண்டரை சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. அதைத் தாண்ட வேண்டுமானால் ஊர் வாக்காளர்கள் தனியாக ஓட்டுப் போட்டு அனுமதிக்க வேண்டும். 2023 மே மாதம் புரூக்லைனில் அப்படி ஓட்டுப் போட்டார்கள், பியர்ஸ் பள்ளியைப் புதிதாகக் கட்டுவதற்கும் சேர்த்து. ஆகவே வீடு பார்க்கும்போது பழைய ரசீதோடு அந்த ஊரின் பள்ளிக் கட்டடங்களின் வயதையும் பாருங்கள். பழைய கட்டடம் என்றால் வரப்போகும் ரசீது.

வீடே கோட்டின்மேல் உட்கார்ந்திருந்தால், இரண்டு ஊரும் தங்கள் பகுதிக்கு வரி போடும். அப்படிப்பட்ட வீட்டில் பிள்ளை எந்தப் பள்ளி என்பதை விற்பவர் வாய்ச் சொல்லை நம்பி முடிவு செய்யாதீர்கள். பள்ளி அலுவலகத்திலிருந்து எழுத்தில் வாங்குங்கள்.

ஆனால் உண்மையான பள்ளிக் கட்டணம் வரியில் இல்லை, விலையில் இருக்கிறது. பொருளாதார அறிஞர் சாண்ட்ரா பிளாக் 1999-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். இதே மாசசூசெட்ஸில், ஒரே ஊருக்குள் தொடக்கப் பள்ளி எல்லையின் இரு பக்கமும் அருகருகே இருக்கும் வீடுகளை ஒப்பிட்டார். பள்ளியின் தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் அதிகமானால், வீட்டுக்குச் சுமார் 2.5 சதவீதம் அதிகம் கொடுக்கிறார்கள். என் கணக்கில் ஒன்றரை லட்சம் கூடுதல் கடனுக்கு ஆறரை சதவீத வட்டி என்றால் முதல் வருஷம் 9,750 டாலர். அதாவது சொத்து வரிக்குச் சமமாக இன்னொரு வரி. அதை ஊருக்குக் கட்டவில்லை, பாங்குக்குக் கட்டுகிறோம். 1956-இல் சார்ல்ஸ் டீபோ என்ற பொருளாதார அறிஞர், மக்கள் தங்களுக்குப் பிடித்த வரியும் வசதியும் இருக்கும் ஊருக்குக் குடிபெயர்ந்து, காலாலேயே ஓட்டுப் போடுகிறார்கள் என்று ஒரு கோட்பாடு சொன்னார். கால் இருந்தால் போதாது, முன்பணமும் வேண்டும்.

சரி, அந்தப் பணத்துக்கு நான் என்ன வாங்கினேன்? நல்ல ஆசிரியரையா? பெரிய நூலகத்தையா? இங்கேதான் எனக்குச் சங்கடம். பாஸ்டன் ஒரு மாணவருக்குச் செலவு செய்யும் தொகை பல புறநகர்களைவிட அதிகம். 1993-இல் மாநில உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் அதே வருஷக் கல்விச் சீர்திருத்தச் சட்டமும் வந்த பிறகு, ஏழை ஊர்களுக்கு மாநிலப் பணம் கணிசமாகப் போகிறது. எட்ஜ்வுட்டின் 26 டாலர் கதை இங்கே அப்படியே பொருந்தாது. அமெரிக்காவின் மிகப் பழைய அரசுப் பள்ளியான, 1635-இல் தொடங்கிய பாஸ்டன் லத்தீன் பள்ளியும் கோட்டின் மலிவான பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் பாஸ்டனில் பக்கத்துப் பள்ளி தானாகக் கிடைக்காது. விருப்பப் பட்டியல் கொடுத்துக் குலுக்கலுக்குக் காத்திருக்க வேண்டும். லத்தீன் பள்ளிக்கு ஏழாம் வகுப்பில் போட்டி.

புரூக்லைனில் நான் வாங்கியது ஒன்று நிச்சயம். இன்னொன்று, சொல்லக் கூச்சமாக இருக்கிறது, வகுப்பில் என் மகள் பக்கத்தில் உட்காரும் பிள்ளைகளின் பெற்றோரும் ஒன்றரை லட்சம் கூடுதலாகக் கொடுக்க முடிந்தவர்கள் என்ற உத்தரவாதம். 'நல்ல ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்' என்று நம் ஆட்கள் வாட்ஸாப் குழுக்களில் சொல்லும்போது, அதன் பாதி அர்த்தம் இதுதான். யாரையும் இனம் பார்த்து, ஊர் பார்த்து நிறுத்தவில்லை. விலையே நிறுத்திவிடுகிறது.

ஆம், சின்ன வீட்டைத்தான் வாங்கினோம். மனைவி ஒரே வரியில் முடித்தாள்: "வரலாறு எல்லாம் சரி, குலுக்கல்ல நம்ம பொண்ணு பேர் வரலைன்னா என்ன பண்றது?" என்னிடம் பதில் இல்லை. கூரையை மாற்றிவிட்டோம். ஈர வாசனை இன்னும் போகவில்லை.

குடிவந்து எட்டு மாதம் ஆன பிறகு ஒரு சனிக்கிழமை, தெருவில் இருக்கும் பெரியவர் ஒருவர் கதவைத் தட்டினார். நல்ல மனுஷர், பனிக்காலத்தில் எனக்கு முன்பே என் நடைபாதையைத் தள்ளி வைத்துவிடுவார். பக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று வரப்போவதாகப் பேச்சு, எதிர்த்து ஒரு மனு, கையெழுத்து வேண்டும் என்றார். ரயில், பஸ் வசதிக்குப் பக்கத்தில் அடுக்குமாடி கட்ட ஊர்கள் இடம் கொடுக்க வேண்டும் என்று மாநிலமே 2021-இல் சட்டம் போட்டிருக்கிறது. அதை மறுத்த மில்டன் ஊரின் வழக்கில், 2025 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. அதனால் இப்போது இந்தப் பேச்சு எல்லா ஊரிலும் நடக்கிறது. பெரியவர் சொன்ன காரணம்: "ஸ்கூல்ல ஏற்கெனவே இடம் இல்ல. வரியும் ஏறும்."

"ஆமாம், அதுவும் சரிதான்" என்று என் வாய் சொல்லிவிட்டது. யோசிக்காமல், தானாக. எட்டு மாதத்துக்கு முன்னால் நான் கோட்டுக்கு வெளியே நின்று விலைப் பலகையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவன். இன்னும் இந்த நாட்டுக் குடிமகன்கூட இல்லை, வரி கட்டுகிறேன், ஓட்டு கிடையாது. அதற்குள் அது 'நம்ம ஸ்கூல்', 'நம்ம வரி' ஆகிவிட்டது. 1873-இல் வேண்டாம் என்று சொன்ன 707 பேரை நான் நூலகத்தில் உட்கார்ந்து தூரத்து மனிதர்களாகப் படித்திருந்தேன். அவர்களும் இப்படித்தான், பக்கத்து வீட்டுக்காரர் வந்து நியாயமாக இரண்டு வார்த்தை பேச, தலையாட்டியிருப்பார்கள்.

பெரியவரிடம் யோசித்துச் சொல்கிறேன் என்று மனுவை வாங்கி வைத்துக்கொண்டேன். இரண்டு நாள் மேஜைமேல் கிடந்தது. மூன்றாம் நாள் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தேன். அவர் முகம் சுளிக்கவில்லை, எனக்குத்தான் ஒரு மாதிரி இருந்தது. அந்தக் குடியிருப்பு வந்தால் என் வீட்டு விலை குறையுமா, மகள் வகுப்பில் இருபத்திரண்டு பேர் இருபத்தைந்து ஆவார்களா என்றெல்லாம் மனசு இன்னும் கணக்குப் போடுகிறது.

அப்பாவுக்கு இந்தக் கதையை முழுக்கச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அந்த ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பிள்ளைங்க எங்கதான் படிக்குதுங்க?" என்றார். எங்கள் வீட்டு வாசலில் நின்றால், காலையில் பாஸ்டன் பள்ளியின் மஞ்சள் பஸ் எதிர்த் தெரு முனையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவது தெரியும். என் மகள் அதே நேரத்தில் இந்தப் பக்கமாக நடந்து போகிறாள்.